மில்யெட்: பச்சைத் தீவில் ஓய்வும் உழைப்பும்

குரோஷிய நாட்டின் கடற்கரைப் பட்டினங்களில் கோடைகாலக் காட்சி ஒன்று பல ஆண்டுகளாகப் பழக்கமானது. படகு துறையை அடையும். முதுகில் பைகளைச் சுமந்தபடி உல்லாசப் பயணிகள் இறங்குவார்கள். அவர்களை எதிர்பார்த்து, நடுத்தர வயதைக் கடந்த பெண்கள் சிலர் கையில் மட்டையொன்றைப் பிடித்தபடி நிற்பார்கள். மட்டையில் எழுதியிருப்பது ஒரே சொல்: 'சோபே'. அறைகள் என்பது அதன் பொருள். 'எனது வீட்டில் அறை இருக்கிறது, கட்டிலும் வெளுத்த விரிப்பும் இருக்கின்றன, வந்து தங்குங்கள்' என்பதை அந்தப் பெண்கள் இந்த ஒரு சொல்லால் சொல்லிவிடுவார்கள். இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்யும் வழக்கம் வந்தபின் மட்டையுடன் நிற்பவர்கள் குறைந்து போனார்கள். ஆனாலும் வீதியோர மதில்களிலும் படலைகளிலும் அந்தச் சொல்லை இன்றும் காணலாம்.

விடுமுறை என்றதும் எமக்கு நினைவில் வருவது மணலும் கடலும், கால்நீட்டி அமர்ந்திருப்பவர்களும்தான். அவர்கள் படுத்தெழும் கட்டிலை விரித்தவர் யார் என்று படங்கள் காட்டுவதில்லை. இம்முறை இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று ஒரு தீவைத் தெரிவு செய்தோம். அதன் பெயர் மில்யெட்.

இத்தாலிக்கும் பால்கன் நாடுகளுக்கும் நடுவே மத்தியதரைக் கடல் ஒரு கையை நீட்டியிருக்கிறது. அதற்கு அட்ரியாட்டிக் கடல் என்று பெயர். அந்தக் கடலின் தென்பகுதியில், டுப்ரோவ்னிக் என்னும் பழைய மதில் நகரத்துக்கு வடமேற்கே மில்யெட் கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 37 கிலோமீற்றர். அகலமோ சராசரியாக மூன்று கிலோமீற்றர்தான். வரைபடத்தில் முருங்கைக்காயைக் கிடத்தியது போலிருக்கும். குடியிருப்போர் ஆயிரம் பேரளவில்தான்.

மத்தியதரைத் தீவுகள் பலவும் வெயிலில் காய்ந்த பாறையும் பற்றைக்காடுமாக இருப்பவை. மில்யெட் அப்படியல்ல. தீவின் பெரும்பகுதியைப் பைன் மரமும் ஓக் மரமும் மூடியிருக்கின்றன. சில இடங்களில் மரங்கள் கடல்நீருக்கு மேலாகவே சாய்ந்து நிற்கும். பச்சைத் தீவு என்று அழைப்பது இதனால்தான். மேற்குப் பகுதியின் காட்டையும் நீர்நிலைகளையும் 1960ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். அந்தத் தீர்மானம் இல்லாதிருந்தால் இந்தக் காட்டின் இடத்தில் இப்போது சீமெந்து மாடிகள் நின்றிருக்கும் என்பது எமது எண்ணம்.

டுப்ரோவ்னிக்கிலிருந்து விரைவுப் படகில் வரலாம். பெருநிலத்தோடு ஒட்டிய பெல்யெஷாட்ஸ் குடாநாட்டிலிருந்து வாகனங்களை ஏற்றும் பெரிய படகிலும் வரலாம். அது முக்கால் மணி நேரப் பயணம். பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள துறையின் பெயர் பொலாச்சே. அரண்மனை என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது. உரோமர் காலத்து அரண்மனையொன்றின் உயர்ந்த சுவர்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. வேடிக்கை என்னவென்றால், ஊர் வீதி அந்தச் சுவர்களுக்கு நடுவாலேயே போகிறது. ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழைமையை ஊடறுத்துத்தான் சனங்கள் கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வருகிறார்கள்.

களப்பும் அதன் வாயும்

மில்யெட்டுக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது இரண்டு ஏரிகளை. பெரிய ஏரி, சிறிய ஏரி என்றே பெயர். ஏரி என்று சொன்னாலும் அவற்றில் இருப்பது உப்புநீர். எமது கிழக்குக் கரையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. களப்பு என்றால் போதும். முன்னொரு காலத்தில் நன்னீர் நிறைந்த பள்ளங்களாக இருந்த இவற்றுக்குள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்தபோது கடல் புகுந்துவிட்டது. ஒடுங்கிய வாய்க்கால் ஒன்று பெரிய ஏரியைக் கடலோடு இணைக்கிறது. இன்னொரு சிறு வாய்க்கால் இரண்டு ஏரிகளையும் இணைக்கிறது. ஆனால் எமது களப்புகளைப் போல ஆழம் குறைந்தவையல்ல இவை. பெரிய ஏரியின் ஆழமான இடம் 46 மீற்றர்.

கடல் பெருகும்போது நீர் உள்ளே பாயும், வற்றும்போது வெளியே பாயும். இரண்டு ஏரிகளுக்கும் இடையிலுள்ள சிறிய பாலத்தின் கீழ் இந்த ஓட்டம் நன்றாகத் தெரியும். அங்கே பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரு பக்கத்தில் இறங்கி, கையைக் காலை அசைக்காமல் மிதந்தபடி பாலத்தின் கீழாக மறுபக்கம் போய் ஏறுவார்கள். பிறகு கரையால் நடந்து வந்து மறுபடியும் இறங்குவார்கள். பணம் கொடுத்து ஏறும் எந்த விளையாட்டுக்கும் இது குறைந்ததல்ல. கோடையில் ஏரிநீர் வெளிக்கடலைவிடச் சூடாக இருப்பதால் சிறுபிள்ளைகளுடன் வருபவர்களும் வயதானவர்களும் ஏரியையே விரும்புகிறார்கள்.

ஏரிகளில் இயந்திரப் படகு ஓட்ட வெளியாருக்கு அனுமதியில்லை. பூங்காவின் பயணிகள் படகு ஒன்று ஓடும். மற்றவர்கள் துடுப்பு வலிக்கும் சிறு தோணிகளை வாடகைக்கு எடுக்கலாம். துவிச்சக்கர வண்டியும் வாடகைக்குக் கிடைக்கும். ஏரிக்கரையோரமாக மரநிழலில் போகும் பாதை பெரும்பாலும் சமதரையானது, பழக்கமில்லாதவரும் ஓடலாம். கால் வலுவுள்ளவர்கள் 253 மீற்றர் உயரமான மொன்டோகுட்ஸ் குன்றில் ஏறினால் இரண்டு ஏரிகளையும் அப்பாலுள்ள தீவுகளையும் ஒரே பார்வையில் காணலாம்.

தண்ணீரில் இறங்குபவர்களில் பெண்களும் பலர். எழுபது வயதைத் தாண்டியவர்கள் தொப்பியை அணிந்தபடி, பக்கத்தில் நீந்தும் தோழியோடு கதைத்துக்கொண்டே நீந்துவது இந்தக் கரைகளில் சாதாரணம். அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. நாமோ கடலைப் பார்த்தே பிறந்து வளர்ந்தவர்கள். கணவனும் மகனும் கடலுக்குப் போய் உழைத்ததில் உண்டவர்கள். எம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்? 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்தபோது நீந்தத் தெரியாமை எத்தனை பெண்களைக் கொண்டுபோனது என்பதை அறிவோம். நீச்சல் ஆண்பிள்ளைகளுக்கான விளையாட்டு என்று நாம் விட்டுவிட்டதை அங்கே பாட்டிமார் மாலைநேர நடைப்பயிற்சி போலச் செய்கிறார்கள்.

தீவின் மறு கோடியில், கிழக்கு முனையில் சப்லுநாரா என்ற கடற்கரை உண்டு. குரோஷியக் கரை பெரும்பாலும் கூழாங்கல்லும் பாறையுமானது. பாறைகளில் முட்கள் நிறைந்த கடலுயிரிகள் ஒட்டியிருக்கும், காலில் இறப்பர்ச் செருப்பில்லாமல் இறங்கமுடியாது. சப்லுநாராவிலோ மணல். பின்னால் பைன்மரக் காடு. மணலைக் கண்டால் அந்நாட்டார் அடையும் மகிழ்ச்சியைப் பார்க்க எமக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கும்.

பாம்பும் கீரியும்

இந்தத் தீவில் நடக்கும்போது, பாதையைக் குறுக்கறுத்து ஓடும் ஒரு பிராணியைக் கண்டால் எமது ஊர்ப் பெண்கள் திகைத்து நிற்பார்கள். அது கீரி.

ஐரோப்பாவில் கீரி எப்படி வந்தது? மில்யெட்டில் முன்பு கொம்பு விரியன் என்னும் நச்சுப்பாம்பு மிகுந்திருந்தது. மூக்கின்மேல் சிறு கொம்பு போன்ற புடைப்புள்ள பாம்பு. தோட்டத்தில் வேலை செய்பவர்களையும் ஆடு மேய்ப்பவர்களையும் அது பெரிதும் வருத்தியது. அப்போது நாடு ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. 1910ஆம் ஆண்டில் இந்திய இனத்துச் சிறு கீரிகள் பதினொன்றைக் கொண்டுவந்து தீவில் விட்டார்கள். ஆண் ஏழு, பெண் நான்கு. சில ஆண்டுகளுக்குள் அவை பெருகின. பாம்புகள் ஏறக்குறைய அற்றுப்போயின.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். பாம்பு தீர்ந்தபின் கீரி என்ன செய்யும்? கோழிக்கூட்டுக்குள் புகுந்தது. முட்டைகளையும் நிலத்தில் கூடுகட்டும் பறவைகளையும் தின்றது. பக்கத்துத் தீவுகளுக்கும் கொண்டுபோய் விட்டார்கள், அங்கேயும் அதே கதை. இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் தீங்கு விளைக்கும் அந்நிய உயிரினங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. மில்யெட்டில் கோழி வளர்ப்பவர் கூட்டை அடைத்து வைக்காமல் தூங்கமுடியாது. ஒரு துன்பத்தை ஒழிக்க வந்தது இன்னொரு துன்பமாகிப் போவதை நாமும் கண்டவர்கள்தானே.

பாம்பைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. அப்போஸ்தலர் பவுல் உரோமாபுரிக்குக் கைதியாகக் கொண்டுபோகப்பட்டபோது கப்பல் உடைந்து ஒரு தீவில் கரையேறியதையும், விறகு பொறுக்கிய இடத்தில் விரியன் அவரது கையைக் கவ்வியதையும் வேதாகமம் படித்தவர்கள் அறிவர். அந்தத் தீவின் பெயர் மெலித்தா. மால்ட்டாவே அது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஆனால் மில்யெட்டின் பழைய பெயரும் மெலித்தாதான். மால்ட்டாவில் நச்சுப்பாம்பு இல்லையே, எங்கள் தீவில்தானே விரியன் இருந்தது என்று மில்யெட்காரர் வாதாடுவார்கள். அந்த வாதத்துக்கு ஆதாரமாக நின்ற பாம்பைத்தான் அவர்கள் கீரியை விட்டுத் தீர்த்துக்கட்டினார்கள்.

மடம் ஹோட்டலான கதை

பெரிய ஏரியின் நடுவே ஒரு குட்டித்தீவு. கடலுக்குள் தீவு, தீவுக்குள் ஏரி, ஏரிக்குள் மீண்டும் ஒரு தீவு. அதில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெனடிக்ற் சபைத் துறவிகள் கட்டிய மாதா ஆலயமும் மடமும் இருக்கின்றன. யூகோஸ்லாவியா என்ற ஒன்றுபட்ட நாடு இருந்த காலத்தில், 1960களில், அந்த மடத்தை ஹோட்டலாக மாற்றினார்கள். துறவிகள் செபம் சொன்ன அறைகளில் கோடைகால விருந்தினர் தங்கினார்கள்.

1991இல் அந்த நாடு உடைந்தது. ஜூன் மாதம் குரோஷியா சுதந்திரத்தை அறிவித்தது, போர் மூண்டது. அந்த இலையுதிர்காலத்தில் கடற்படை துறைமுகங்களை மறித்தது. ஒக்டோபரில் டுப்ரோவ்னிக் நகரம் முற்றுகையிடப்பட்டது. மின்சாரமும் தண்ணீரும் நின்றன. மக்கள் பழைய கோட்டைகளின் தடித்த சுவர்களுக்குள் ஒதுங்கினார்கள். 1991 டிசம்பர் 6 அன்று பழைய நகரத்தின்மீது விழுந்த எறிகணைகள்தான் மிக மோசமானவை. யுனெஸ்கோ 1979 முதல் உலக மரபுரிமையாகப் பாதுகாத்துவந்த நகரம் அது. மதிலுக்குள் இருந்த கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு சேதமடைந்தன. நகர வாசலில் எந்த இடத்தில் எந்தச் சேதம் என்று காட்டும் வரைபடம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஐஸ்கிறீம் கையில் வைத்திருக்கும் பயணிகளும் அதன்முன் சற்று நின்றுவிட்டே போகிறார்கள். அந்தத் தாக்குதலுக்காக இரண்டு இராணுவ உயரதிகாரிகளை ஹேக் நகரிலிருந்த சர்வதேச நீதிமன்றம் 2004இலும் 2005இலும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்துச் சிறையிட்டது.

நாட்டின் உல்லாசப் பயணத்துறை ஓராண்டிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. கரையோர ஹோட்டல்களில் பயணிகளுக்குப் பதிலாக இடம்பெயர்ந்த குடும்பங்கள் வந்து நிறைந்தன. கடலைப் பார்த்தபடி அமைத்த மாடி முகப்பில் குழந்தைகளின் துணி காய்ந்தது. அப்படி ஹோட்டல் அறைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பெண்களுக்கு 'கடற்கரை ஹோட்டல்' என்ற சொல் என்ன நினைவைத் தரும் என்று யோசித்துப் பாருங்கள். போர் 1995இல் முடிந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் குரோஷியாவின் உட்பகுதியிலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சேர்பிய மக்கள் வண்டிகளிலும் உழவு இயந்திரங்களிலும் வெளியேறினார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் விடக்கூடாது. எந்தப் பக்கத்துத் தாயின் சமையற் பாத்திரமும் பாத்திரம்தான். மிதிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து இருபது ஆண்டுகள் கடந்தும் நடந்தது. காணாமற் போனவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இன்னும் முடிவு தெரியவில்லை.

மில்யெட்டின் மடம் போருக்குப் பின் மீண்டும் திருச்சபையிடம் கையளிக்கப்பட்டது. இன்று அங்கே கட்டில் கிடையாது. படகில் போய்ப் பார்த்து, மரநிழலில் கோப்பி குடித்துவிட்டுத் திரும்பலாம்.

வீட்டு உறுதி யார் பெயரில்?

இனி அறைகளின் கதைக்கு வருவோம். மில்யெட்டில் ஒரு பெரிய ஹோட்டல்தான் உண்டு. வருபவர்களில் பலர் தங்குவது குடும்பங்களின் வீடுகளில். இது போருக்கு முன்பே இருந்த வழக்கம். போருக்குப்பின் ஆலைகளும் சம்பள வேலைகளும் படுத்துவிட்ட நாட்களில், கரையோரக் குடும்பங்கள் பலவற்றுக்கு மேல்மாடியில் இருந்த இரண்டு அறைகளே பற்றுக்கோடாயின. வெளியிலிருந்து முதலீட்டாளர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீடு இருக்கிறது. விரிப்பு வேண்டும், துவாய் வேண்டும், தண்ணீர் வேண்டும்.

அதற்கு ஒழுங்கான சட்டம் உண்டு. உள்ளூர் நிர்வாகத்திடம் வீட்டுக்குரியவர் அனுமதி பெறவேண்டும். அறையின் தரத்துக்கேற்ப நட்சத்திரம் கொடுப்பார்கள். ஒரு குடும்பம் இருபது கட்டில்கள் வரை வைத்திருக்கலாம். கணக்குப் புத்தகம், கணக்காளர் என்ற பெரிய தொல்லைகளில்லாமல், கட்டிலொன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று வரி கட்டினால் போதும். விருந்தினர் வந்து 24 மணித்தியாலத்துக்குள் அவர் பெயரைப் பதியவேண்டும். தங்குபவருக்காக அறவிடும் சிறு கட்டணம் ஊரின் செலவுகளுக்குப் போகிறது.

இதில் எம்மை நிறுத்திவைத்த விடயம் ஒன்றுண்டு. அனுமதி வீட்டுக்குரியவருக்குத்தான். விரிப்பைத் துவைப்பவர், சமைப்பவர், நள்ளிரவில் கதவு திறப்பவர் பெண்ணாக இருந்தாலும் உறுதி கணவன் பெயரிலோ மாமன் பெயரிலோ இருந்தால் தொழிலும் அவர் பெயரில்தான். உறுதி தன் பெயரில் உள்ள பெண் மட்டும் தன் பெயரிலேயே தொழில் நடத்துகிறாள். வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதும் வழக்கமுள்ள எமது கிழக்குப் பகுதிப் பெண்களுக்கு இதன் பெறுமதி தெரியும். போரில் உறுதி தொலைந்து கச்சேரிக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

வேலையோ சொல்லி முடியாது. குடும்பங்கள் கிழமைக் கணக்கில் தங்குவதால் சனிக்கிழமை தான் மாறுநாள். காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம் போகும், பிற்பகலில் அடுத்தது வரும். இடையிலுள்ள சில மணி நேரத்தில் கட்டில் விரிப்பு மாற்றி, குசினி கழுவி, குளியலறை தேய்த்து முடிக்கவேண்டும். இத்தனைக்கும் தண்ணீர் அருமையான தீவு அது. மழைநீரைத் தொட்டிகளில் சேர்த்து வாழ்ந்த பரம்பரை. ஒரு பேணித் தண்ணீரை வீணாக ஊற்றும் விருந்தினரைக் கண்டால் வீட்டுக்காரியின் முகம் மாறும். பல வீடுகளில் யூலை, ஓகஸ்ட் மாதங்களில் நல்ல அறைகளை விருந்தினருக்கு விட்டுவிட்டு, குடும்பம் கீழ்த்தட்டிலோ குசினிக்குப் பக்கத்திலோ முடங்கிக்கொள்ளும். ஊரெல்லாம் விடுமுறையில் இருக்கும்போது அவர்களுக்கு மட்டும் விடுமுறையில்லை.

வருமானத்தில் ஒரு பங்கு சமையலிலிருந்தும் வரும். ஆட்டுப்பாலில் செய்த பாற்கட்டி, ஒலிவ் எண்ணெய், உலர்ந்த அத்திப்பழம் ஆகியவற்றைச் சொந்தத் தோட்டத்திலிருந்தே கொடுப்பார்கள். 'பெக்கா' என்று ஒரு சமையல் உண்டு. இறைச்சியையோ கணவாய் இனத்து எண்காலியையோ உருளைக்கிழங்குடன் தட்டில் வைத்து, மணி போன்ற இரும்பு மூடியால் மூடி, மூடியின்மேல் தணலைக் குவிப்பார்கள். மேலும் கீழும் தணல் வைத்துக் கேக் சுட்ட எமது அம்மம்மாமார் பார்த்தால் உடனே விளங்கிக்கொள்வார்கள். சில மணிநேரம் எடுக்கும் என்பதால் விருந்தினர் முதல்நாளே சொல்லிவைக்கவேண்டும்.

எல்லாம் இனிமை என்று எழுதினால் பொய்யாகும். தீவில் சம்பாத்தியம் ஆண்டில் மூன்று நான்கு மாதங்களே. மாரியில் கதவுகள் பூட்டப்படும், இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விடுவார்கள். 2023 ஜனவரியில் குரோஷியா யூரோ நாணயத்துக்கு மாறியது. அதன்பின் விலைவாசி ஏறிவிட்டது என்பது அங்கே பரவலான முறைப்பாடு. அதே நாளில் நாடு ஷெங்கன் விசா வலயத்திலும் சேர்ந்தது. ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் குடியுரிமையோடு இருக்கும் எமது உறவினர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காரிலேயே இந்தக் கரைக்குப் போய்வரலாம். இங்கிருந்து போக நினைப்பவருக்கு விசாவே முதல் மலை, பயணச்சீட்டு அடுத்த மலை.

செப்டெம்பர் பிற்பகுதியில் பாடசாலைகள் தொடங்கியிருக்கும். படகுகளின் எண்ணிக்கை குறையும். வாடகைத் தோணிகளைக் கரையில் கவிழ்த்து அடுக்குவார்கள். கடைசி விருந்தினர் போனதும் மெத்தைகளை வெயிலில் போட்டுத் தட்டி, போர்வைகளை மடித்து அலுமாரியில் வைத்து, யன்னல் பலகைகளைச் சாத்துவார்கள். கோடை முழுவதும் குடித்த சூடு ஒக்டோபரிலும் தண்ணீரில் மிச்சமிருக்கும். வீட்டுக்காரிகளின் முறை அப்போதுதான் வரும். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று பேராகச் சிறிய பாலத்தடிக்கு இறங்கிப் போகலாம். நீரோட்டம் எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துவிட்டு, அதிலே தம்மை விட்டுவிடலாம்.